ஆண்டவரிடம்தான் சொன்னேன்

அந்தம்மாவிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது மைக்கில் வரும். இதைத் தெரிந்துகொள்ள எங்கள் சபையில் யாருக்கும் ரொம்ப நாள் பிடிக்காது. ஆனாலும் சொல்வார்கள். போன வாரம் பட்டவளே இந்த வாரமும் அந்தம்மா மடியில் தலையை வைத்து அழுதுகொண்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அவர் தலையைத் தடவிவிட்டால் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

அவருடைய பேர் எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் பாஸ்டரம்மா, அவ்வளவுதான். அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி போகிற ரோட்டில் சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டு ஷீட் போட்டுக் கட்டிய சபை எங்களுடையது. பாஸ்டர் சாந்தமான மனிதர். அவர் பிரசங்கம் பண்ணும்போது பாதிப் பேர் தூங்குவார்கள். முடித்துவிட்டு மைக்கை மனைவியிடம் கொடுத்ததும் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஜெபக்குறிப்பு நேரம். யாருக்கு என்ன கஷ்டமோ அதைச் சொல்லி, சபையே சேர்ந்து ஜெபிக்கிற நேரம். குட்டையான உருவம், வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு, ஒரு கையில் மைக், இன்னொரு கை மேலே. சாதாரணமாக "என்னத்தா, சாப்ட்டியா, இந்தா வாரேன்" என்று பேசுகிறவர், கண்ணை மூடினால் வேதாகமத் தமிழுக்குப் போய்விடுவார். "பிதாவே, இந்த மகளை உம்முடைய பாதத்தில் வைக்கிறோம்." வைத்தால் சும்மா வைப்பாரா? வீட்டு அட்ரஸோடு வைப்பார்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரருக்கு மில்லில் ஃபிட்டர் வேலை. லைசென்ஸ் எடுக்காமல் பைக் ஓட்டிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் அதை நான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, "இந்த வாலிப மகன் உரிமம் இல்லாமல் ஓட்டுகிற வாகனத்தை உம்முடைய தூதர்கள் காக்கட்டும்" என்று ஒரு ஜெபம். பின் வரிசையில் போலீஸ்காரர் ஒருத்தர் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். வாசலில் செருப்புப் போடும்போது இவரைப் பார்த்து, "தம்பி, தூதர் இருக்கட்டும், மொத லைசென்ஸ எடு" என்றார். நாங்கள் வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

நான் பிறந்தது வேறு மாதிரி வீடு. திருச்சுழிப் பக்கம் மிளகாயும் பருத்தியும் போடுகிற குடும்பம். இவரைப் பிடித்துப்போய் ஞானஸ்நானம் எடுத்துக் கல்யாணம் செய்துகொண்டேன். பந்தல்குடி ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் என் தாய்மாமன், "வேதக்காரன் வீட்டுக்குப் போறவ அப்படியே போயிரணும்" என்று சொல்லிக் கல்யாணத்துக்கு வரவில்லை. அம்மா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் ஊரில் எந்தச் சாமி முன்னால் நின்றாலும் என் வயிறு திறக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தாள்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் நிம்மதியாகப் பார்க்க நேரம் கிடையாது. அவருக்கு மில்லில் ஷிஃப்ட் மாறி மாறி வரும். எனக்கு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. வெறும் வயிற்றோடு வருகிறவர்களை வரிசையாக உட்காரவைத்து, பேரைச் சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டும். காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிடும். மிச்ச நேரம் சபைக்கு. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், சனிக்கிழமை சபையைக் கூட்டிக் கழுவுவது, பாட்டுப் பயிற்சி, ஞாயிறு ஆராதனை. அவர் மேடையில் கீபோர்டு வாசிப்பார், நான் பெண்கள் வரிசையில் நின்று பாடுவேன். ஒரே மேடை, நடுவில் அந்தம்மா. அவர் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்துத்தான் நானும் என் வீட்டுக்காரரும் கண்ணால் பேசிக்கொள்வோம். அது ஒரு சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் வந்தால் கீபோர்டுக்கு ஆள் இல்லை. அதற்கும் ஜெபம். "அந்த மில் மேனேஜருடைய கல்லான இருதயத்தை உடையும் பிதாவே!" மேனேஜருடைய கார் டிரைவர் எங்கள் சபை ஆள். திங்கட்கிழமை மேனேஜர் இவரைக் கூப்பிட்டு, "எனக்குக் கல்லு மனசாமே? இனி ஞாயிறு லீவு எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, பஞ்சைப் பிரித்துப் போடுகிற பகுதிக்கு மாற்றிவிட்டார். அங்கே தூசி மூக்கு, காது, தொண்டை எல்லாம் போய் அப்பும். அடுத்த வாரம் பாஸ்டரம்மா அதைச் சாட்சியாகச் சொன்னார். "ஆண்டவர் மகனுக்கு லீவு வாங்கித் தந்தார், அல்லேலூயா!" பின்னால் என் வீட்டுக்காரர் இருமிக்கொண்டே வாசித்துக்கொண்டிருந்தார்.

இளம் தம்பதிகளுக்கென்று பாஸ்டரம்மா ஒரு கூட்டம் வைப்பார். புருஷன் பெண்டாட்டியைப் பற்றி ஒரு ஜெபக்குறிப்பு சொல்ல வேண்டும், பெண்டாட்டி புருஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனசைத் திறந்தால்தான் குடும்பம் நிற்குமாம். எங்கள் முறை வந்தபோது இவர் கூச்சப்பட்டுக்கொண்டு, "கொழம்புல உப்பு கூடுதும்மா" என்றார். பெரிய குறை! ஞாயிறு அதுவும் மைக்கில் வந்தது. அதற்குப் பிறகு சபையில் கிழவிகூட என்னைப் பார்த்தால், "உப்பக் கொறைச்சியா?" என்று கேட்பாள்.

இதெல்லாம் சிரிப்பு. எஸ்தருடைய கதை அப்படியில்லை. துணிக்கடையில் வேலை பார்த்த பொண்ணு, என்னோடு பாடுகிறவள். பாலவனத்தத்துப் பையன் ஒருவனோடு பழக்கம். தன் மனசுக்குப் பயந்து பாஸ்டரம்மாவிடம் போய்ச் சொன்னாள். அந்த ஞாயிறு, "பாலவனத்தத்திலிருந்து வந்து போகிற அந்தச் சத்துருவின் கண்ணியிலிருந்து இந்த மகளை விடுவியும்" என்று ஜெபம் வந்தது. அவள் அப்பன் ஆண்கள் பக்கத்தில் முழங்காலில் இருந்தான். கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தான். அந்த மாதமே அவளைக் கமுதிப் பக்கம் ஒருத்தனுக்குப் பிடித்துக் கட்டிக்கொடுத்தார்கள். போகும்போது என்னிடம், "அக்கா, நான் அவுகட்டத்தான சொன்னேன்?" என்று கேட்டாள்.

நான் பாஸ்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். என் முகவாயைப் பிடித்துக்கொண்டு, "நான் யார்ட்டயும் சொல்லல பாப்பா. ஆண்டவர்ட்டதான் சொன்னேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. நடிப்பு என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியாது. எனக்கு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நான் எடுத்த வாந்தியை வெறுங்கையில் ஏந்தியவர் அவர். சிக்குப் பிடித்த தலையை மடியில் வைத்து முடி முடியாகப் பிரித்துச் சீவிவிட்டார். பெற்ற தாய்கூடச் செய்ய மாட்டாள். அந்த ஞாயிறே என் வயிற்றுப்போக்கு உட்பட எல்லாவற்றையும் சபைக்கு அறிவித்தார், அது வேறு.

இனி எங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

கல்யாணமாகி மூன்று வருஷம் குழந்தை இல்லை. மதுரையில் ஒரு டாக்டரிடம் போனோம். எனக்கு ஒன்றும் இல்லை, அவருக்குத்தான் கொஞ்சம் குறை என்றார். பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும், மனசை மட்டும் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். காரியாபட்டி தாண்டியதும் என் கையைப் பிடித்து, "யார்ட்டயும் சொல்லிராத. ஒங்க அம்மாட்டகூட வேணாம். நான் மில்லுல தலகாட்ட முடியாது" என்றார். நான் சொல்லவில்லை. அம்மா போன் பண்ணி, "அந்தக் கோயிலுக்கு ஒரு விளக்குப் போட்டுட்டு வாரேன்த்தா" என்று சொல்லும்போதெல்லாம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

சொன்னது அவர்தான். சின்ன வயதிலேயே தாயைப் பறிகொடுத்தவர். பாஸ்டரம்மா "மகனே" என்று கூப்பிட்டால் அப்படியே இளகிவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அந்தம்மா தலையில் கையை வைத்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வந்து, என்னிடம் நிம்மதியாகச் சொன்னார்.

"அறிவிருக்கா ஒங்களுக்கு? அவுகட்டயா போய்ச் சொல்லுவாக?"

"அம்மா மாதிரி புள்ள. அம்மாட்ட சொல்லாம யார்ட்ட சொல்ல?"

"மைக்க வச்சிருக்கிற அம்மா" என்றேன். "எஸ்தர் கதை மறந்துபோச்சா?"

"அது வயசுப் பொண்ணு விசயம். இத எப்படி மைக்குல சொல்லுவாக? நான் கால்ல விழுந்து கேட்டிருக்கேன், சொல்ல மாட்டாக."

நாலைந்து ஞாயிறு போனது. ஒன்றும் வரவில்லை. இவர் என்னைப் பார்த்து, பார்த்தாயா என்பது போலச் சிரித்தார். நானும் நம்பினேன். மாத்திரையும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. சாப்பாடு வைக்கும்போது தட்டின் ஓரத்திலேயே மாத்திரையை வைத்துவிடுவேன், பேசாமல் எடுத்துப் போட்டுக்கொள்வார்.

வருஷா வருஷம் பந்தல்குடியில் திறந்த வெளியில் மூன்று நாள் கூட்டம் நடக்கும். மெயின் ரோட்டை ஒட்டிப் பொட்டல். கம்பம் நட்டு நாலு பக்கமும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். தூத்துக்குடி போகிற லாரிக்காரர்கள் டீ குடிக்க நிறுத்தி, அப்படியே நின்று கேட்பார்கள். கடைசி நாள் சாயங்காலம் நல்ல கூட்டம். பாஸ்டரம்மா மைக்கை வாங்கினார். அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் கீபோர்டில். ஜெபம் நடக்கும்போது கீபோர்டு நிற்கக் கூடாது, அடியில் மெல்ல ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது எங்கள் சபைகளில் வழக்கம்.

"பிதாவே, இதோ உமக்காக வாசிக்கிற இந்த மகனைப் பாரும். மூன்று வருஷமாய் இந்தக் குடும்பத்தில் மழலைச் சத்தம் இல்லை. மகளிடத்தில் ஒரு குறைவும் இல்லை. இந்த மகனுடைய வித்திலே ஜீவன் இல்லை என்று மதுரையில் பெரிய டாக்டர் கையை விரித்துவிட்டார் பிதாவே. மனுஷரால் ஆகாததை நீர் செய்யும்!"

அந்த டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. மாத்திரையில் சரியாகும் என்றுதான் சொன்னார். ஆனால் மாத்திரையில் சரியாகிற வியாதிக்கு என்ன அற்புதம் வேண்டிக் கிடக்கிறது? அதனால் டாக்டரைக் கையை விரிக்கவைத்துவிட்டார். கூட்டம் மொத்தமும் "ஆமென்" என்றது. ரோட்டில் யாரோ விசிலடித்தான். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கை மட்டும் நிற்காமல் வாசித்துக்கொண்டே இருந்தது. ஜெபம் முடிகிறவரை வாசித்தார்.

மறுநாள் விடிந்ததும் பஞ்சர் கடை மாமனும் என் அண்ணனும் வந்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு வராத மாமன் அன்றைக்குத்தான் முதல்முதலாக என் வீட்டு வாசலில் நின்றார். இவர் டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"ரோட்டுல போற லாரிக்காரன் பூராம் கேட்டுட்டுப் போறான். நாங்க ஸ்பீக்கர்ல கேட்டுத் தெரிஞ்சுக்கணுமா?" என்றார் மாமன். "எந்தங்கச்சி தம்மக வயித்துல என்ன கோளாறோன்னு ஊர் ஊரா சாமி கும்புட்டு அலையுறா. கோளாறு இங்கயில்ல நிக்கிது, வாயில பிரஷ்ஷ வச்சிக்கிட்டு!"

"மாமா, மெதுவாப் பேசுங்க" என்றேன்.

"என்னத்த மெதுவா? அந்தப் பாஸ்டரு பொண்டாட்டி மெதுவாவா பேசுனா? ஏப்பா, நீ ஆம்பளையா? இருந்தா சொல்லு, நாங்க போயிர்றோம்."

அண்ணன் என்னைப் பார்த்து, "சேலைய எடுத்து வையி, கெளம்பு" என்றான். நான் போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் வாயில் நுரையோடு அப்படியே நின்றார். துப்பக்கூட இல்லை. பக்கத்து வீடுகளில் எல்லாரும் வெளியே வந்து நின்றிருந்தார்கள்.

மத்தியானம் பாஸ்டரம்மா தூக்குவாளியில் கேசரி கொண்டுவந்தார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததில்லை. வாசலிலேயே மறித்துக்கொண்டேன்.

"கால்ல விழுந்து சொன்னாருல்ல, சொல்லாதீகன்னு?"

"நான் யார்ட்ட பாப்பா சொன்னேன்? ஆண்டவர்ட்டதான் சொன்னேன்."

"நாலு ஸ்பீக்கர் கட்டியா?"

"எல்லாரும் சேந்து ஆமென் சொன்னாத்தான பாப்பா பலம்? ஒரு ஆள் ஜெபம் பத்தாதுன்னுதான் பெரிய கூட்டம் வரட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன்."

அந்த நாலைந்து ஞாயிறு அவர் ஏன் பேசாமல் இருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கேசரியைக் கீழே வைத்துவிட்டு, என் தலையில் கையை வைத்து அங்கேயே ஜெபிக்க ஆரம்பித்தார். மைக் இல்லாவிட்டாலும் அந்தக் குரல் தெரு முழுக்கக் கேட்கும். "இந்தக் குடும்பத்தைப் பிரிக்க வருகிற உறவுகளைக் கட்டும்! மகனுடைய அவமானத்தை மாற்றும்!" தாரை தாரையாகக் கண்ணீர். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். எங்கள் இரண்டு பேரையும் ஒதுங்கிக் கடந்து, பைக்கை எடுத்துக்கொண்டு போனார். ஜெபம் நிற்கவில்லை.

மில்லில் அவர் மிஷின் மேல் யாரோ பால் பாட்டில் வைத்திருந்தார்கள். குழந்தை குடிக்கிற பாட்டில், ரப்பர் மாட்டி. மறுநாளும் வைத்தார்கள். கூட வேலை பார்க்கிறவன் ஒருத்தன், "ஏலே, பாஸ்டரம்மாட்ட சொல்லு, ஆமென் சொன்னா ரெட்டையாப் பொறக்கும்" என்றானாம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை, மேனேஜருடைய டிரைவர் பெண்டாட்டி சொன்னாள். அவர் என்னிடம் எதுவுமே சொல்வதில்லை. தட்டின் ஓரத்தில் வைத்த மாத்திரையைச் சோற்றோடு சேர்த்து ஒதுக்கிவிடுவார். நான் தொட்டால் கையை எடுத்துக்கொள்வார். "எனக்கு யார் என்ன சொன்னாலும் கவலையில்லங்க, எனக்கு நீங்க போதும்" என்று அழுது பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

பிறகு திருப்பூரில் வேலை என்று போனார். முதலில் தினமும் போன் வந்தது, பிறகு எப்போதாவது வந்தது. கடைசியாகப் பேசியபோது, "ஒங்கண்ணன் கூப்ட்டா போயிரு புள்ள. ஒனக்குத்தான் ஒரு குறையும் இல்லையே, ஊருக்கே தெரியும்" என்றார். அதற்குப் பிறகு அந்த நம்பர் போகவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை, கிறிஸ்மஸுக்கும் வரவில்லை. அங்கே ஒரு சபையில்கூட அவரைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. கீபோர்டு இன்னும் என் வீட்டு அலமாரி மேல் துணி சுற்றிக் கிடக்கிறது. "கணவன் கைவிட்ட மகளுக்காக" என்று சபையில் எனக்கும் ஜெபம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். நான் அங்கே போவதை எப்போதோ விட்டுவிட்டேன். ஆண்டவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவரா மைக்கைப் பிடித்தார்?

போன தை மாதம் ஒரு நாள் காலையில் லேபில் கூட்டம் நிரம்பி வழிந்தது. சாம்பல் நிறச் சேலையில் ஒருவர், துப்பட்டாவால் பாதி முகத்தை மூடிய பெண்ணோடு ஓரமாக வந்து நின்றார். வெள்ளைச் சேலை இல்லாததால் எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. பாஸ்டரம்மா. மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற ஒரே மகள் கூட இருந்தாள். இன்னொரு பாஸ்டர் மகனுக்கு நிச்சயமான பெண். என்ன டெஸ்ட் என்று நான் சொல்லப்போவதில்லை.

ரத்தம் கொடுத்துவிட்டு மகள் மூலையில் போய் உட்கார்ந்தாள். பாஸ்டரம்மா கவுண்டருக்கு வந்து என் கையைப் பிடித்தார். அதே கை. ஆனால் சில்லென்று இருந்தது.

"பாப்பா, ரிசல்ட்டு வந்தா பேரு சொல்லிக் கூப்ட்றாத. கண்ணு காட்டு, நானே வாரேன்."

"சத்தமாத்தான்மா கூப்பிடணும். எல்லாருக்கும் அப்படித்தான்."

"ஒன் காலப் புடிச்சுக் கேக்குறேன் பாப்பா. சபக்காரவுக ரெண்டு பேரு உக்காந்திருக்காக."

பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினார். முக்காடு இல்லை, கை மேலே போகவில்லை, உதடுகூட அசையவில்லை. ஆனால் ஜெபிக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அந்த நெற்றியில் விழுகிற சுருக்கத்தை எத்தனை ஞாயிறு பார்த்திருக்கிறேன்! எழுந்து அவர் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"என்னம்மா இப்படி ஜெபிக்கிறீக? சத்தமா ஜெபிங்க. இத்தன பேரு இருக்காக, சேந்து ஆமென் சொன்னா பலம்தான?"

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை, வெறும் பயம்.

"வேணாம் பாப்பா" என்றார். "மனசுக்குள்ள சொன்னாலே அவருக்குக் கேக்கும்."

இத்தனை நாளாக அந்தம்மாவிடம் கேட்க வேண்டும் என்று எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். அத்தனையையும் விட்டுவிட்டுக் கவுண்டருக்குத் திரும்பினேன். மனசுக்குள் சொன்னாலே போதும் என்று அந்தம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. பந்தல்குடிப் பொட்டலில் மைக்கை வாங்கும்போதும் தெரிந்திருக்கிறது.

ரிசல்ட் வந்தது. நான் பேரைக் கூப்பிடவில்லை. உறையை எடுத்துக்கொண்டு போய் அவர் மடியில் வைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, "நீ யார்ட்டயும் சொல்ல மாட்டேல்ல பாப்பா?" என்று காதருகில் கேட்டார்.

"ஆண்டவர்ட்டகூட சொல்ல மாட்டேன்மா" என்றேன்.

அவர் கை தானாக விட்டுவிட்டது. நான் கவுண்டருக்கு வந்து, அடுத்து நின்றவருடைய பேரைச் சத்தமாகக் கூப்பிட்டேன்.